ஒழுக்கக்கேடு, ஒழுங்கீனம், முறைகேடு: எதை எங்கே எழுதுவது?

கேள்வி இதுதான்: ஒழுக்கக்கேடு என்ற சொல்லுக்குச் சரியான பொருள் என்ன? ஒழுங்கீனம், முறைகேடு, தகாத நடத்தை என்பனவற்றிலிருந்து அது எங்கே வேறுபடுகிறது? அலுவலகக் கடிதத்திலும் செய்தியிலும் அதை எப்போது எழுதலாம், எப்போது கூடாது?

ஒருவருடைய நடத்தை அறத்தின் அளவுகோலில் தாழ்ந்துவிட்டது என்று தீர்ப்புச் சொல்லும் சொல் ஒழுக்கக்கேடு. தீர்ப்பைத்தான் சொல்லும்; என்ன நடந்தது என்பதைச் சொல்லாது. பொதுப் பணத்தைக் கையாடியவரைப் பற்றியும் எழுதலாம், மனைவிக்குத் தெரியாமல் இன்னொரு குடும்பம் நடத்துபவரைப் பற்றியும் எழுதலாம், குடித்துவிட்டு வகுப்புக்கு வந்த ஆசிரியரைப் பற்றியும் எழுதலாம். மூன்றும் வேறு வேறு செயல்கள், விளைவுகளும் வேறு. ஆனால் வெறுமனே ஒழுக்கக்கேடு என்று மட்டும் எழுதினால், படிப்பவர் பெரும்பாலும் பாலியல் சார்ந்த ஏதோ ஒன்று என்றே எடுத்துக்கொள்வார். கையாடல் செய்தவர்மீது அவர் செய்யாத பழி விழுந்துவிடும். இந்தச் சொல்லைக் கவனமாகக் கையாளச் சொல்வதற்கு முதல் காரணம் இது.

சொல் எப்படி உருவானது என்று பார்த்தால் அதன் எல்லையும் புரியும். பழகு பழக்கம் ஆவதுபோல், பெருகு பெருக்கம் ஆவதுபோல், ஒழுகு என்ற வினையிலிருந்து வந்தது ஒழுக்கம். கூரை ஒழுகுகிறது என்பதிலும், நேர்மையாக ஒழுகினார் என்பதிலும் இருப்பது ஒரே வினைதான். நீர் விடாமல் வழிவதும் மனிதர் ஒரு வழியில் விடாமல் நடப்பதும் ஒழுகுதல். ஆகவே ஒழுக்கம் என்பது ஒருநாள் செய்த ஒரு செயலைவிட, தொடர்ந்து நடந்துகொள்ளும் விதத்தையே குறிக்கிறது. கேடு என்பது கெடு என்ற வினையின் முதல் எழுத்து நீண்டு பெயரானது. படு பாடு ஆனதும், சுடு சூடு ஆனதும் இப்படித்தான். இரண்டும் சேர்ந்தால், நடந்துகொள்ளும் விதமே கெட்டுப்போனது என்று பொருள். கோபத்தில் ஒருமுறை வாய்தவறிப் பேசியதைப் பிழை என்றோ தவறு என்றோ சொல்லலாம். அதை ஒழுக்கக்கேடு என்று எழுதுவது சொல்லின் எடைக்கு ஒவ்வாது.

பழைய தமிழில் ஒழுக்கம் என்ற சொல்லே நல்லது, கெட்டது இரண்டுக்கும் பொதுவாக இருந்தது. களவொழுக்கம், கற்பொழுக்கம் என்று அகத்திணையில் வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒழுக்கம் என்றால் வாழும் முறை, அவ்வளவே. திருக்குறளிலும் இந்தப் பொதுப்பொருள் தெரிகிறது. 138ஆம் குறள் ‘நல்லொழுக்கம்’, ‘தீயொழுக்கம்’ என்று இரண்டுக்கும் அடை சேர்த்துச் சொல்கிறது. 271ஆம் குறள் வஞ்ச மனத்தானின் ‘படிற்றொழுக்கம்’ என்கிறது. படிறு என்றால் பொய், வஞ்சனை. அதே நூலில், அடை எதுவும் இல்லாமல் ஒழுக்கம் என்றாலே நல்லொழுக்கம் என்ற வழக்கும் வேரூன்றிவிட்டது. ‘ஒழுக்கம் விழுப்பந் தரலான்’ என்று தொடங்கும் 131ஆம் குறளில் அந்தப் பொருள்தான். இன்று நாம் பேசுவது இந்த இரண்டாவது வழக்கை. “அவன் ஒழுக்கமான பையன்” என்றால் நல்லவன் என்று சேர்த்துச் சொல்லத் தேவையில்லை.

அந்த நல்லொழுக்கத்துக்கு எதிராக வள்ளுவர் வைக்கும் சொல் இழுக்கம். 133, 136, 137 ஆகிய மூன்று குறள்களிலும் ஒழுக்கமும் இழுக்கமும் எதிரெதிரே நிற்கின்றன. ‘ஒழுக்கத்தின் எய்துவர் மேன்மை இழுக்கத்தின் எய்துவர் எய்தாப் பழி’ என்பது 137. இழுக்கத்தின் அடிப்பொருளை 415ஆம் குறள் கண்முன் காட்டுகிறது: ‘இழுக்கல் உடையுழி ஊற்றுக்கோல் அற்றே ஒழுக்க முடையார்வாய்ச் சொல்.’ இழுக்கல் என்றால் வழுக்குதல். சேறும் ஈரமுமான வழுக்கு நிலத்தில் நடப்பவருக்கு ஊன்றுகோல் எப்படியோ, அப்படி உதவும் ஒழுக்கமுடையவர் சொல் என்கிறது குறள். ஒழுகுவது ஒரு வழியில் நடப்பது. இழுக்குவது அந்த நடையில் கால் சறுக்குவது. இரண்டும் நடையைப் பற்றிய சொற்கள் என்பதால்தான் எதிர்ச்சொற்களாக அவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகின்றன.

ஆனால் இழுக்கு எல்லா இடத்திலும் அறம் பற்றியது அல்ல. ‘எண்ணித் துணிக கருமம் துணிந்தபின் எண்ணுவம் என்பது இழுக்கு’ என்னும் 467ஆம் குறளில் அது செயல்திட்டத்தில் நேரும் பிழை மட்டுமே. 127இல் வரும் ‘சொல்லிழுக்கு’ பேச்சில் நேரும் சறுக்கல். இன்றைய வழக்கில் இழுக்கு என்ற சொல் செயலை விட்டு மானத்துக்கு நகர்ந்துவிட்டது. “குடும்பத்துக்கு இழுக்கு”, “பதவிக்கு இழுக்கு” என்கிறோம். அதாவது செயலால் வந்த அவப்பெயர். எனவே இன்று ஒருவர் செய்ததைக் குறிக்க இழுக்கு என்று எழுதினால், செயலைச் சொல்கிறீர்களா, அதனால் வந்த பழியைச் சொல்கிறீர்களா என்பது குழம்பும்.

கூடா ஒழுக்கம் என்ற தொடரையும் பலர் ஒழுக்கக்கேட்டுக்கு மாற்றாக எழுதுகிறார்கள். திருக்குறளின் 28ஆம் அதிகாரத் தலைப்பு அது. துறவறவியலில் வருகிறது. தவவேடம் பூண்டுகொண்டு அந்த வேடத்துக்குப் பொருந்தாத வாழ்க்கை நடத்துவதுதான் அங்கே பேசப்படுகிறது. புலித்தோலைப் போர்த்துக்கொண்டு பயிரை மேயும் பசுவைக் காட்டும் 273ஆம் குறள் இந்த அதிகாரத்தில்தான் இருக்கிறது. கூடா என்பதற்கு இங்கே ‘தவத்தோடு பொருந்தாத’ என்று பொருள். ஆகவே போலிச் சாமியாரைப் பற்றியோ, வெளியே ஒன்று பேசி உள்ளே ஒன்று செய்யும் தலைவரைப் பற்றியோ எழுதும்போது கூடா ஒழுக்கம் மிகப் பொருத்தமான தொடர். எந்த வேடமும் போடாதவர் செய்த தவறுக்கு அது பொருந்தாது.

இனி அன்றாடப் பயன்பாட்டுக்கு வருவோம். எந்தச் சொல்லை எடுப்பது என்று தெரியாதபோது, கெட்டது எது என்று கேட்டுப் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

நிறுவனமோ பள்ளியோ வகுத்த ஒழுங்கு கெட்டிருந்தால் அது ஒழுங்கீனம். தாமதமாக வருவது, சொல்லாமல் விடுப்பு எடுப்பது, சீருடை அணியாதது, மேலதிகாரியின் உத்தரவை மதிக்காதது எல்லாம் இதில் அடங்கும். இவற்றைச் செய்பவர் தனிவாழ்வில் மிக நல்லவராக இருக்கலாம். ஒழுங்கீனத்தை ஒழுக்கக்கேடு என்று எழுதுவது மிகப் பரவலான பிழை. தொடர்ந்து தாமதமாக வந்த ஊழியரை அறம் கெட்டவர் என்று சொல்லிவிடுகிறது. இதில் நாட்டு வழக்கு ஒன்றையும் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஒழுங்கு நடவடிக்கை என்று எழுதுவதை இலங்கைத் தமிழில் ஒழுக்காற்று நடவடிக்கை, ஒழுக்காற்று விசாரணை என்று எழுதுவார்கள். அங்கே ஒழுக்காற்று விசாரணை என்றால் பாலியல் குற்றச்சாட்டு என்று தமிழ்நாட்டு வாசகர் எண்ணிவிடக் கூடாது.

நடைமுறை கெட்டிருந்தால் முறைகேடு. தேர்வு, நியமனம், ஒப்பந்தப்புள்ளி, கணக்கு வழக்கு போன்ற இடங்களுக்கு உரியது இது. விதிப்படி நடக்க வேண்டிய ஒன்று விதிப்படி நடக்கவில்லை என்பதே பொருள். பணம் எடுத்தது உறுதியானால் கையாடல், லஞ்சம் கைமாறியது உறுதியானால் ஊழல் என்று இன்னும் துல்லியமாக எழுதலாம். உறுதியாகும்வரை முறைகேடு என்பது பாதுகாப்பான சொல்.

ஒரு அமைப்பின் நிலை மெல்ல மெல்லக் கெட்டிருந்தால் சீர்கேடு. நிர்வாகச் சீர்கேடு, சுற்றுச்சூழல் சீர்கேடு என்கிறோம். தனி ஆளின் செயலுக்கு இது வராது. தகாத என்ற அடை செய்திகளில் மூடிச் சொல்வதற்குப் பயன்படுவது. தகாத வார்த்தை என்றால் கெட்ட வார்த்தை, தகாத உறவு என்றால் திருமணத்துக்கு வெளியே உள்ள உறவு. கள்ளத்தொடர்பு, தகாத உறவு ஆகியவற்றின் இடத்தில் ‘திருமணம் கடந்த உறவு’ என்று இப்போது பலர் எழுதுகிறார்கள். அதில் செய்தி இருக்கிறது, தீர்ப்பு இல்லை, நல்ல மாற்றம். அநாசாரம் என்ற பழைய சொல் தீட்டோடும் சாதி வழக்கங்களோடும் பின்னிக் கிடந்தது. இன்று அதை ஒழுக்கக்கேட்டுக்கு மாற்றாக எடுப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

விபசாரம் என்ற சொல்லில் ஒரு பொருள்மாற்றம் ஒளிந்திருக்கிறது. வடமொழியில் அது வழிவிலகலைக் குறித்தது. தமிழ் விவிலியத்தில் பத்துக் கட்டளைகளுள் ஒன்றாக வரும் ‘விபசாரம் செய்யாதிருப்பாயாக’ என்பதில், திருமணமானவர் துணைக்கு உண்மையில்லாமல் நடப்பது என்று பொருள். இன்றைய பேச்சிலும் காவல்துறைச் செய்தியிலும் அது பாலியல் தொழில் என்றாகிவிட்டது. பழைய மொழிபெயர்ப்பைப் படிப்பவர்கள் இன்றைய பொருளைக் கொண்டு வாசித்தால் கட்டளையே வேறாகிவிடும்.

கடைசியாக, கெட்டது இன்னொருவரின் உடல் மீதான உரிமை என்றால் ஒழுக்கக்கேடு என்ற சொல்லைத் தொடவே கூடாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு பெண்ணையோ குழந்தையையோ துன்புறுத்தியவரைப் பற்றி “ஒழுக்கக்கேடான செயலில் ஈடுபட்டார்” என்று எழுதும்போது இரண்டு தவறுகள் நேர்கின்றன. ஒன்று, குற்றம் அவருடைய சொந்த நடத்தைக் குறையாகச் சுருங்கிவிடுகிறது. பாதிக்கப்பட்டவர் வாக்கியத்திலிருந்தே காணாமல் போகிறார். மற்றொன்று, ‘ஈடுபட்டார்’ என்பதும் ‘ஒழுக்கக்கேடு’ என்பதும் சேரும்போது இருவரும் சேர்ந்து செய்தது போன்ற தொனி வந்துவிடுகிறது. பாலியல் துன்புறுத்தல், பாலியல் அத்துமீறல், பாலியல் வன்கொடுமை என்று செயலுக்கு உரிய சொற்கள் இருக்கின்றன. அத்து என்றால் எல்லை. யாருடைய எல்லையை யார் மீறினார் என்று கேட்க வைப்பதே அத்துமீறல் என்ற சொல்லின் பலம்.

இதே சொற்குடும்பம் ஆணிடம் ஒரு விதமாகவும் பெண்ணிடம் ஒரு விதமாகவும் நடந்துகொள்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. “அவன் நடத்தை சரியில்லை” என்றால் குடிக்கிறான், சண்டை போடுகிறான், கடன் வாங்கித் திருப்பித் தருவதில்லை என்று எதுவாகவும் இருக்கலாம். “அவள் நடத்தை சரியில்லை” என்றால் கேட்பவர் மனத்தில் ஒரே பொருள்தான் விழுகிறது. சொல் ஒன்றே ஆனாலும் வந்து விழும் அடி ஒன்றல்ல. பெண் ஒருவரைப் பற்றி எழுதும்போது நடத்தை, ஒழுக்கம் ஆகிய சொற்களை எடுத்துவிட்டு அவர் செய்த செயலை மட்டும் எழுத முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால், எழுதுவதற்கு அங்கே உறுதியான செய்தி எதுவும் இல்லை என்று பொருள்.

ஒழுக்கக்கேடும் குற்றமும் ஒன்றல்ல. இந்தியாவில் 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் இந்திய தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவை ரத்து செய்தது. அதன்பின் திருமணம் கடந்த உறவு தண்டனைக்குரிய குற்றம் அல்ல. ஆனால் விவாகரத்துக்குக் காரணமாகக் காட்டலாம். பலர் பார்வையில் அது ஒழுக்கக்கேடாகவே இருக்கலாம். சட்டத்தின் அளவுகோலும் சமூகத்தின் அளவுகோலும் எப்போதும் ஒத்துப்போக வேண்டியதில்லை. ஒழுக்கமுடைமை அதிகாரத்துக்கு உரை எழுதிய பரிமேலழகர், அவரவர் வருணத்துக்கும் நிலைக்கும் ஓதப்பட்ட ஒழுக்கம் என்று பொருள் சொன்னார். இன்று அந்த அளவுகோலை நாம் ஏற்பதில்லை. ஒழுக்கக்கேடு என்று ஒருவர் சொல்லும்போது, எந்த அளவுகோலை வைத்துச் சொல்கிறார் என்று கேட்பதற்கு நமக்கு முழு உரிமை உண்டு.

சட்டத்திலும் இந்தச் சொல் வருகிறது. ‘ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றம்’ என்று தமிழில் எழுதப்படுவதற்கு நேரடியான பின்விளைவுகள் உண்டு. 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் (கிராஜுவிட்டி) சட்டத்தின் 4(6) பிரிவு, பணியின்போது செய்த அத்தகைய குற்றத்துக்காகப் பணிநீக்கம் செய்யப்பட்டவரின் பணிக்கொடையை முழுவதுமாகவோ ஒரு பகுதியாகவோ நிறுத்த இடம் தந்தது. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24-ஏ பிரிவின்படி, அத்தகைய குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவர் வழக்கறிஞராகப் பதிவுசெய்ய முடியாது. விடுதலையாகி 2 ஆண்டுகள் கழிந்தபின் அந்தத் தடை நீங்கும். எந்தெந்தக் குற்றம் இதில் அடங்கும் என்று இந்தச் சட்டங்கள் பட்டியல் தரவில்லை. இயல்பிலேயே இழிவான, கீழ்த்தரமான நடத்தை என்று 1996இல் அரியானா வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. சிறு அபராதத்தோடு முடிந்த ஒரு வழக்கைக் காட்டி ஒருவரை வேலையிலிருந்து நீக்கியது செல்லாது என்றும் சொன்னது. தண்டனை பெற்ற ஒவ்வொரு குற்றமும் ஒழுக்கக்கேடு ஆகிவிடாது என்பதற்கு இது நல்ல சான்று.

புகாரோ குற்றச்சாட்டுக் குறிப்பாணையோ எழுதுபவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும். அலுவலகங்களில் அடிக்கடி காணும் வாக்கியம் ஒன்று: “மேற்படி பணியாளர் ஒழுக்கக்கேடாக நடந்துகொண்டு நிறுவனத்தின் நற்பெயருக்குக் களங்கம் ஏற்படுத்தினார்.” என்றைக்கு, எங்கே, என்ன செய்தார், யார் பார்த்தது, எந்த விதியை மீறினார், எதுவும் இல்லை. பதில் எழுத வேண்டியவரால் எதை மறுப்பது என்றே கண்டுபிடிக்க முடியாது. குற்றச்சாட்டு தெளிவற்றது என்ற ஒரே காரணத்தால் மேல்முறையீட்டில் எல்லாம் விழுந்துவிடலாம். அதையே இப்படி எழுதலாம்: “மேற்படி பணியாளர் மார்ச் 4 அன்று பிற்பகல் 3 மணியளவில், கிடங்கிலிருந்து உதிரிபாகப் பெட்டிகள் இரண்டை கேட் பாஸ் இல்லாமல் வெளியே எடுத்துச் சென்றார். வாயிற்பதிவேட்டில் அன்றைய பக்கத்தில் இது பதிவாகியுள்ளது.” இதில் ஒழுக்கக்கேடு என்ற சொல் இல்லை. ஆனால் குற்றச்சாட்டு நிற்கும். மீறிய விதியின் எண்ணை அடுத்த வரியில் சேர்த்தால் போதும். தமிழ்நாடு அரசுப் பணியில் 17(ஏ), 17(பி) மெமோ என்று சொல்லப்படுபவை ‘ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு’ விதிகளின்கீழ் வருபவை. விதியின் பெயரிலேயே இருப்பது ஒழுங்கு.

பாலியல் துன்புறுத்தல் புகார் என்றால் இன்னும் கவனம் வேண்டும். பணியிடத்தில் பெண்களுக்கான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். நிகழ்வு நடந்து 3 மாதத்துக்குள் எழுத்துமூலம் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். புகாரில் ‘ஒழுக்கக்கேடாக நடந்தார்’ என்று எழுதிவிட்டு நிறுத்தினால், குழு முதலில் கேட்பது “என்ன செய்தார்?” என்பதைத்தான். சொன்ன சொற்களை அப்படியே, சொன்ன மொழியிலேயே எழுதுங்கள். தொட்டார் என்றால் எங்கே, எப்போது என்று எழுதுங்கள். குறுஞ்செய்தி இருந்தால் தேதி தெரியும்படி நகல் இணையுங்கள். கூச்சத்தால் பூசி மெழுகும் சொல் புகார் தருபவருக்கே எதிராக வேலை செய்யும்.

பொதுவெளியில் ஒருவரைப் பெயர் சொல்லி ஒழுக்கக்கேடர், ஒழுக்கங்கெட்டவர் என்று எழுதினால் அவதூறு வழக்குக்கு இடமாகலாம். இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் இப்போது இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு அவதூறு பற்றியது. 2 ஆண்டு வரை சிறை, அபராதம் அல்லது சமூக சேவை என்று தண்டனை உண்டு. செயலை மட்டும், அதுவும் சான்றோடு எழுதுவது இந்த வகையிலும் பாதுகாப்பு.

இனி எழுத்துமுறை. ஒழுக்கக்கேடு ஒரே சொல். இடைவெளி விடக் கூடாது, நடுவில் க் வர வேண்டும். ‘ஒழுக்க கேடு’, ‘ஒழுக்ககேடு’ இரண்டும் பிழை. அம் என்று முடியும் சொற்களில் மகரம் கெட்டு வல்லெழுத்து மிகும்: மானக்கேடு, வெட்கக்கேடு, சாபக்கேடு. முறைகேடு, சீர்கேடு ஆகியவற்றில் அது மிகாமல் நிலைத்துவிட்டது. ‘முறைக்கேடு’ என்று திருத்தப் போகாதீர்கள். வேற்றுமை ஏற்கும்போது டகரம் இரட்டிக்கும்: ஒழுக்கக்கேட்டை, ஒழுக்கக்கேட்டால், ஒழுக்கக்கேட்டுக்கு, ஒழுக்கக்கேட்டின். ‘ஒழுக்கக்கேடை’, ‘ஒழுக்கக்கேடுக்கு’ என்று இப்போது நிறையக் காணக் கிடைக்கின்றன. வீடு, காடு போன்ற சொற்களை ‘வீடை’, ‘காடுக்கு’ என்று யாரும் சொல்வதில்லை என்பதை நினைத்தால் பிழை தெரியும். கள் விகுதி சேரும்போது மட்டும் இரட்டிப்பு இல்லை: ஒழுக்கக்கேடுகள். பெயரடை ஒழுக்கக்கேடான, வினையடை ஒழுக்கக்கேடாக. பெயரெச்சமாக வரும்போது ஒழுக்கங்கெட்ட என்று ங் வரும். அங்கே கேடு இல்லை, கெட்ட என்ற வினைதான் இருக்கிறது.